பல்லு வளரலை, ஈறுதான் இறங்குது

"பல்லு நீண்டுக்கிட்டே போகுதுப்பா." எங்க காரைக்குடிப் பக்கம் நாப்பது வயசைத் தாண்டினவங்ககிட்ட அடிக்கடி கேக்குற வசனம் இது. அந்த வயசுக்கு மேல பல்லு வளர்றதுக்கு நாம என்ன எலியா? பல்லு இருந்த இடத்துலயேதான் இருக்கு. ஈறுதான் நகர்ந்து போயி, இத்தனை நாளா மூடி இருந்த வேர் வெளியே தெரியுது.

இதுக்கு ஊர்ல ரெண்டே ரெண்டு தீர்ப்புதான் இருக்கு. ஒண்ணு பழசு: "வயசானா அப்படித்தான், ஆட ஆரம்பிச்சா புடுங்கிக்கலாம்." இன்னொண்ணு புதுசு: "அண்ணத்துலேருந்து சதை எடுத்து ஒட்டு வச்சுடலாம், நாலு பல்லுக்கும் சேர்த்துப் பண்ணிக்குங்க." ஒண்ணு வைத்தியமே வேணாங்குது, இன்னொண்ணு ஆபரேஷன்ல ஆரம்பிக்குது. எதிரும் புதிருமாத் தெரியும். ஆனா என்னைக் கேட்டா ரெண்டும் ஒரே இடத்தைத் தாண்டிக் குதிக்குது. ஏன் இறங்குச்சு? எத்தனை மில்லிமீட்டர் இறங்குச்சு? இன்னும் இறங்கிக்கிட்டு இருக்கா? இந்த மூணு கேள்விக்கும் பதில் வாங்காம பல்லைப் புடுங்குறதும் தப்பு, ஒட்டு வைக்கிறதும் தப்புங்கிறதுதான் இந்தப் பதிவோட கட்சி.

முதல்ல ஏன் இறங்குதுன்னு பார்ப்போம். பெரிய வழி ரெண்டு இருக்கு.

ஒண்ணு, ஈறு நோய். பெருசுங்க 'பயோரியா'ம்பாங்க. பல்லு இடுக்குல அழுக்கு சேர்ந்து, காரையாக் கட்டிக்கிட்டு, ஈறு வீங்கி, ரத்தம் கசிஞ்சு, கடைசியில பல்லைத் தாங்குற எலும்பே கரைஞ்சுடும். எலும்பு இறங்கினா ஈறும் கூடவே இறங்கும். இது பல்லோட முன்பக்கம் மட்டும் இல்லாம, ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்குற இடத்துலயும் நடக்கும். நடுவுல கருப்பா முக்கோணச் சந்து விழுதே, அது இதோட வேலை.

ரெண்டாவது வழி கொஞ்சம் வேடிக்கை. சுத்தக்காரங்களுக்கு வர்றது. கல்லு மாதிரி பிரஷ்ஷை வச்சு, பாத்திரம் தேய்க்கிற மாதிரி குறுக்கால தேய்ப்பாங்க. வாயில அழுக்கே இருக்காது, ரத்தம் வராது, ஆனா கோரைப்பல்லுலயும் அதுக்கு அடுத்த பல்லுலயும் முன்பக்கம் ஈறு மட்டும் இறங்கி இருக்கும். வலது கையால தேய்க்கிற பல பேருக்கு இடது பக்கம்தான் கூட. பிறவியிலேயே ஈறு மெலிசா இருக்கிறவங்களுக்கும், பல்லு வரிசையை விட்டு வெளியே தள்ளிக்கிட்டு இருக்கிறவங்களுக்கும் சீக்கிரமே இறங்கிடும்.

நம்ம ஊர்ல பிரஷ் வர்றதுக்கு முன்னாடியே இந்த வேலையைச் செங்கப்பொடியும், அடுப்புக்கரியும், சாம்பலும், உப்பும் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஆலையும் வேலையும் பத்தின பழமொழியைச் சொல்லிக்கிட்டுச் சண்டைக்கு வராதீங்க. குச்சியை நல்லா மென்னு, நுனியைப் பஞ்சாக்கித் தேய்ச்சவங்க வேற, செங்கலை இடிச்சு விரலால அழுத்தித் தேய்ச்சவங்க வேற.

வயசானா இறங்கும்ங்கிறது அப்போ பொய்யா? வயசானவங்களுக்கு இது அதிகமா இருக்குங்கிறது உண்மை. ஆனா அது வயசோட வேலை இல்ல. அத்தனை வருஷமும் சேர்ந்த அழுக்கும், தேய்ப்பும், போயிலையும் போட்ட கணக்கு. ஐம்பது வயசுல ஒருத்தருக்கு ஈறு கல்லு மாதிரி இருக்கு, முப்பதுல ஒருத்தருக்கு வேர் தெரியுதுன்னா காரணம் காலண்டர்ல இல்ல.

போயிலைன்னு சொல்லிட்டேன், செட்டிநாட்டுல உக்காந்துக்கிட்டு வெத்தலைப் பொட்டியைப் பத்திப் பேசாம எப்படி நகர்றது? எங்க பக்கம் கல்யாணம், சாந்தி, படைப்பு எதுவும் வெத்தலை பாக்கு இல்லாம நடக்காது. முனீஸ்வரன் கோயில் வீதி பழம்பொருள் கடைகள்ல போய்ப் பாருங்க, பித்தளையில அம்புட்டு அழகான வெத்தலைப் பொட்டியும் பாக்குவெட்டியும் வரிசையா இருக்கும். நமக்குத் தகராறு பொட்டியோட இல்ல, அதுக்குள்ள ஓரமா இருந்த போயிலையோட.

எங்க அப்பத்தா போயிலையைக் கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல, இடது பக்கமா அடக்கி வச்சிருக்கும். மத்தியானத் தூக்கத்துலகூட அது அங்கேதான். அந்தப் பக்கத்துப் பல்லுங்கதான் முதல்ல 'நீண்டுச்சு'. அப்புறம் ஆடுச்சு. ஆடுன பல்லை ஒவ்வொண்ணாப் புடுங்கிக்கிட்டே வந்து, அறுபது வயசுல வாய் பொக்கை. பல் போனா சொல் போச்சுன்னு சொல்லுவாங்க. எங்க அப்பத்தாவுக்குச் சொல்லு போகலை (அது பாட்டுக்குப் பேசும்), முறுக்கும் சீடையும் போச்சு. பலகாரம் சுட்டு ஊருக்கே குடுத்த மனுஷி, கடைசி பதினஞ்சு வருஷம் அதை டீயில ஊற வச்சுத் தின்னுச்சு. இந்தப் பதினஞ்சு வருஷத்தைத்தான் நான் கணக்குல வைக்கச் சொல்றேன். அத்தனை தடவை பல்லைப் புடுங்கினவங்கள்ல ஒருத்தர்கூட, "ஆத்தா, அந்தப் போயிலையை விடு, ஈறைச் சுத்தம் பண்ணி மிச்சப் பல்லைக் காப்பாத்தலாம்"னு சொல்லலை. எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரின்னு பேர் சொல்ற எண்ணம் இல்ல. அன்னைக்கு ஊரே அப்படித்தான் இருந்துச்சு.

இதுல ஈறு சின்னக் கவலை. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, போயிலை சேர்த்த தாம்பூலம் புற்றுநோய் உண்டாக்கும்னு 1985-லயே சொல்லிடுச்சு. "நாங்க போயிலை போடுறதில்லப்பா, வெறும் பாக்குதான்"ம்பாக. அதுக்கும் 2004-ல பதில் வந்துடுச்சு: போயிலை இல்லாத தாம்பூலமும், வெறும் கொட்டைப்பாக்கும்கூட அதே பட்டியல்தான். போயிலை கலந்த பல்பொடி, பேஸ்ட்டை இந்திய அரசு 1992-ல தடை பண்ணுச்சு. குட்காவுக்குத் தமிழ்நாட்டுல 2013-ல தடை வந்துச்சு. சட்டம் தன் வேலையைச் செஞ்சதோ இல்லையோ, நம்ம வாய் நம்ம பொறுப்பு.

சரி, இப்போ ரெண்டாவது தீர்ப்புக்கு வருவோம். ஒட்டு.

அத்தை மகன், எனக்கு மச்சான் முறை. வெளிநாட்டு வேலை. லீவுல வந்தப்ப ஒரு பெரிய ஊர் கிளினிக்குல காட்டியிருக்கான். பத்து நிமிஷத்துல, "நாலு பல்லுக்கு கிராஃப்ட் பண்ணணும், அடுத்த வாரமே வச்சுக்கலாம்"னு ஒரு தொகையும் சொல்லியிருக்காங்க. எப்படிப் பல்லு தேய்க்கிறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையாம். அவன் இன்னொரு ஈறு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போனான். அவங்க முதல்ல சொன்னது: "நாளைக்கு வரும்போது உங்க பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு வாங்க." பிரஷ்ஷைப் பார்த்தா, புயல்ல சாஞ்ச வாழைத்தோப்பு மாதிரி ரெண்டு பக்கமும் விரிஞ்சு கிடக்கு! வாங்கி ஒரு மாசம்தான் ஆச்சாம். அவங்க கண்ணாடி முன்னாடி நிக்க வச்சுத் தேய்க்கக் கத்துக் குடுத்தாங்க. நாலு பல்லுலயும் அளவெடுத்து எழுதுனாங்க, போட்டோ புடிச்சாங்க, கூச்சத்துக்கு பேஸ்ட் குடுத்தாங்க, அடுத்த லீவுல வாங்கன்னு அனுப்பிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு அளந்தா மூணு பல்லுல அளவு நகரவே இல்ல. ஒரே ஒரு கோரைப்பல்லுல மட்டும் இன்னும் இறங்கி இருந்துச்சு. அதுக்கு மட்டும் ஒட்டு வச்சாங்க. இன்னைக்கு நல்லா இருக்கான்.

நாலு எங்கே, ஒண்ணு எங்கே? வித்தியாசம் ஒரு அளவுகோலும் ஒரு வருஷப் பொறுமையும்தான்.

ஒட்டுன்னா என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும், பாதி ஏமாற்றமும் போயிடும். மனுஷன் சதையை ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டு போறதுல நம்ம நாடு பழைய கை. 1794-ல லண்டன் பத்திரிகை ஒண்ணுல கோவாஸ்ஜின்னு ஒரு மாட்டுவண்டிக்காரரோட கதை வந்துச்சு. திப்பு சுல்தான் ஆளுங்க மூக்கை அறுத்துட்டாங்க. புனே பக்கம் ஒரு உள்ளூர் வைத்தியர் அவரோட நெத்தித் தோலைக் கீறி, அடியை மட்டும் விடாம அப்படியே திருப்பிக் கீழே இறக்கி மூக்குப் பண்ணிக் குடுத்தார். அடியை ஏன் விடலை? அது வழியாத்தான் ரத்தம் வரணும்.

ஈறு ஒட்டுலயும் இதே கணக்குதான். பக்கத்து ஈறை அடி அறுக்காம நகர்த்தி வேரை மூடுற முறையை 1956-ல எழுதுனாங்க. அண்ணத்துலேருந்து சதையை முழுசா வெட்டி எடுத்து ஒட்டுறது 1963-ல சுவீடன்ல ஆரம்பிச்சுச்சு. இதுல ஒரு சிக்கல்: வேர் மேல ரத்த ஓட்டம் கிடையாது. வெட்டி எடுத்த சதை முதல் ரெண்டு மூணு நாள் பக்கத்துச் சதையிலேருந்து ஊறி வர்ற நீரைக் குடிச்சுத்தான் உயிரோட இருக்கணும், அப்புறம்தான் புது ரத்தக்குழாய் உள்ளே வரும். அதனால 1985-ல லாங்கர்னு ரெண்டு பேர் ஒரு யோசனை சொன்னாங்க: அண்ணத்தோட மேல்தோலை விட்டுட்டு உள்சதையை மட்டும் எடுத்து, ஈறுக்கு அடியில சொருகித் தைச்சா மேலேயும் கீழேயும் ரெண்டு பக்கமும் ரத்தம் கிடைக்கும். இன்னைக்கு வேரை மூடணும்னா நம்பகமான முறைன்னு அதிகம் சொல்றது இதைத்தான். பதப்படுத்தின மனிதத் தோல், பன்றியிலேருந்து எடுத்த கொலாஜன், நம்ம ரத்தத்தையே சுத்தி எடுக்குற ஜவ்வு, சின்னத் துளை போட்டு ஈறை இறக்குற முறைன்னு இப்போ வேற வழிகளும் இருக்கு. (சைவக்காரங்க, மத வழக்கம் பாக்குறவங்க என்ன வைக்கிறாங்கன்னு முன்னாடியே கேட்டுக்குங்க.)

ஆபரேஷன் மரத்துப்போற ஊசியிலதான். பத்துப் பதினாலு நாள்ல தையல் பிரிப்பாங்க. அதுவரை அந்த இடத்துல பிரஷ் படக்கூடாது, மருந்துத் தண்ணியாலதான் கொப்பளிக்கணும். ஒட்டு வச்ச இடத்தை விட அண்ணம்தான் தொந்தரவு பண்ணும், சூடான காப்பி பட்டா சுரீர்னு இருக்கும். கஞ்சியும் தயிர்சாதமும்தான் கொஞ்ச நாளைக்கு. செட்டிநாட்டுச் சமையலுக்கு லீவு.

இவ்வளவும் பண்ணியும் வேர் முழுசா மூடுமா? இங்கேதான் நேர்மை வேணும். ரெண்டு பல்லுக்கு நடுவுல எலும்பும் ஈறும் அப்படியே இருந்தா முழுசா மூட வாய்ப்பு நல்லா இருக்கு. நடுவுலயும் கரைஞ்சிருந்தா கொஞ்சம் மூடலாம். ரொம்பவே கரைஞ்சிருந்தா மூடாது. 1985-ல மில்லர் போட்ட வகைப்பாடும் 2011-ல கைரோ போட்டதும் சுத்திச் சுத்தி இதைத்தான் சொல்லுது. ரத்தம் பக்கவாட்டுலேருந்துதானே வரணும்? பக்கவாட்டே இல்லாட்டி எங்கேருந்து வரும்? பிரஷ்ஷால தேய்ச்சு இறங்கின ஈறுக்குக் கைகுடுக்குற ஒட்டு, பயோரியாவுல கரைஞ்ச வாய்க்குப் பெருசாக் கைகுடுக்காது. அங்கே சுத்தம் பண்றதும், நோயை நிறுத்துறதும், மிச்சத்தைக் காப்பாத்துறதும்தான் வைத்தியம்.

எங்க ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கச் சுலபமான வழி ஒண்ணு இருக்கு. பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் பாருங்க. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு இழைச்ச பூச்சு, கண்ணாடி மாதிரி இருக்கும். பராமரிப்பு இல்லாத வீட்டுல அடிச்சுவர்ல காரை பெயர்ந்து செங்கல் தெரியும். விவரமான கொத்தனார் முதல்ல என்ன பண்ணுவார்? ஓதம் எங்கேருந்து ஏறுதுன்னு பார்ப்பார். தாழ்வாரத் தண்ணி தேங்குதா, வெளிப்பக்கம் மண்ணு ஏறிக் கிடக்கான்னு பார்த்துச் சரி பண்ணிட்டுத்தான் கரண்டியை எடுப்பார். விவரம் கெட்ட ஆளு நேரா சிமெண்ட்டைக் குழைச்சு அப்பிட்டுப் போவார். ரெண்டு மழைக்காலத்துல அதுவும் பெயர்ந்து, பக்கத்துல இருந்த நல்ல காரையையும் இழுத்துக்கிட்டு வரும். பிரஷ் மாறாத வாயில, போயிலை அடங்காத வாயில வைக்கிற ஒட்டு அந்த சிமெண்ட்டுதான்.

அதுக்காக, "ஒட்டெல்லாம் காசு புடுங்குற வேலை"ன்னு கிளம்புற கோஷ்டியோடயும் நான் சேர மாட்டேன். போன ஈறு தானா வளர்ந்து வேரை மூடாது. நல்லெண்ணெய் கொப்பளிச்சாலும் வராது, கிராம்புத் தைலம் தடவினாலும் வராது, வாட்ஸப்ல வர்ற கொய்யா இலையாலயும் வராது. சுத்தம் பண்ணி, பழக்கத்தை மாத்தி, அளந்து பார்த்தும் இறங்கிக்கிட்டே இருந்தா ஒட்டு வேணும். கூச்சம் பேஸ்ட்டுக்கும் வார்னிஷுக்கும் அடங்கலைன்னா யோசிக்கலாம். ஈறு ரொம்ப மெலிசாகி, பிரஷ் பட்டாலே வலிச்சு, அதனாலயே சுத்தம் பண்ண முடியலைன்னா கண்டிப்பா யோசிக்கணும். சிரிக்க வெக்கமா இருக்குன்னு ஒரு பொண்ணோ பையனோ ஆசைப்பட்டா அதுவும் நியாயமான காரணம்தான், அதைக் கிண்டல் பண்ண நாம யாரு?

டாக்டர் ஒட்டுன்னு சொன்னா இதையெல்லாம் கேளுங்க:

1. எனக்கு ஏன் இறங்குச்சு? (பதிலில் உங்க பிரஷ்ஷோ, அழுக்கோ, போயிலையோ, பல் வரிசையோ வரணும். "வயசு"ன்னா எழுந்துடுங்க.)

2. எந்தப் பல்லுல எத்தனை மில்லிமீட்டர்? எழுதித் தருவீங்களா?

3. ஆறு மாசம் பொறுத்து மறுபடி அளந்தா என்ன கெட்டுப்போகும்?

4. முழுசா மூடுமா, பாதிதானா?

5. பண்றவங்க எம்.டி.எஸ்.ல ஈறு படிப்பு, அதாவது பெரியோ, படிச்சவங்களா?

நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்விகள் புடிக்கும். கோவப்பட்டா உங்களுக்கு விடை கிடைச்சுடுச்சு.

கடைசியா அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-லேருந்து இருக்கு. எங்க கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்துல 1929-ல பல்கலைக்கழகம் தொடங்கினார். அவர் மகன் முத்தையா செட்டியார் பேர்ல அங்கே 1980-ல பல் மருத்துவக் கல்லூரியும் வந்துச்சு, இப்போ அது அரசு கையில. செட்டிநாட்டுக் காசு சிதம்பரத்துல பல்லைப் பார்த்துச்சு, செட்டிநாட்டு அப்பத்தாக்களுக்கு மட்டும் குறடுதான் மிச்சம்! 2023-ல புதுக்கோட்டையில அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தாங்க. காரைக்குடியிலேருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரப் பாடு. எந்தப் பல் கல்லூரியிலயும் ஈறுக்குன்னு தனித் துறை உண்டு. அங்கேருந்து மாசம் ஒரு நாள் ஈறு ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர் காரைக்குடி, சிவகங்கை அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வந்து உக்காரட்டுமே. சர்க்கரை நோயாளிங்களுக்குச் சீட்டுல சர்க்கரை அளவை எழுதுற மாதிரி ஈறு அளவையும் ஒரு வரி எழுதட்டுமே. சர்க்கரை ஏற ஏற ஈறும் கெடும்ங்கிறது நல்லாவே தெரிஞ்ச விஷயம்தானே. இதுக்குப் பெரிய மெஷின் எதுவும் வேணாம். மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு சின்னக் கம்பி, அஞ்சு நிமிஷம், ஒரு பேனா.

மில்லிமீட்டர்ல இருக்கும்போதே பார்த்துட்டா பல்லு நிக்கும், முறுக்கும் மிஞ்சும். படிக்கிற உங்க வீட்டுலயும் யாராவது "பல்லு நீண்டுடுச்சு"ன்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்க. புடுங்கவும் வேணாம், உடனே ஒட்டவும் வேணாம், முதல்ல அளந்துட்டு வரச் சொல்லுங்க. கூடவே அந்த பிரஷ்ஷையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்க :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. வாயில ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, வாய் திறக்க முடியாத இறுக்கமோ இருந்தா இந்தப் பதிவையெல்லாம் மூடிட்டு இன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. அது ஆறு மாசம் பொறுக்குற விஷயம் கிடையாது.